கண் கொட்டாமல் உட்கார்ந்தவர்

“அம்மா, கண்ணை மூடினா எனக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல தாங்கல. பக்கத்துல யார் என்ன செய்றாங்களோன்னே இருக்கு.”

தியானக் கூடத்துக்கு வந்த இருபத்தோராம் நாள் மாலையில் ஆவுடையப்பன் இப்படிக் கேட்டார்.

கூடத்தை நடத்தும் பூரணத்தம்மாள் சொன்னார்: “அப்போ திறந்தே வச்சுக்கோங்க, ஐயா.”

“கண்ணைத் திறந்துக்கிட்டே தியானமா?”

“ஆமா.”

“திறந்துக்கிட்டு எதைப் பார்க்க?”

“எதிர்ல எது இருக்கோ அதை.”

அன்றைக்கு அவ்வளவுதான். மாலைத் தியானம் முடிந்ததும் ஒருவர் எழுந்து தன் சந்தேகத்தைக் கேட்கலாம். பதில் வந்ததும் எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்கள். அங்கே அதுதான் வழக்கம்.

கூடம் மேற்கு மலையின் அடிவாரத்தில் இருந்தது. ஓடு போட்ட நீளமான கட்டடம். வாசலில் பெயர்ப் பலகை கிடையாது, உள்ளே படம் கிடையாது, உண்டியலும் கிடையாது. உண்டியல் இல்லாததே ஆவுடையப்பனுக்கு முதல் நாள் சந்தேகமாக இருந்தது. ஒன்றும் வாங்காமல் ஒருத்தர் எதற்காக இத்தனை பேருக்குச் சோறு போட்டு உட்காரவைப்பார்?

பூரணத்தம்மாள் முன்பு கிராமத்து நர்ஸாக வேலை பார்த்தவர். ஐம்பது வயதுதான் இருக்கும். ஆவுடையப்பனுக்கு அறுபத்துமூன்று. தன்னைவிடச் சின்னவரை ‘அம்மா’ என்று கூப்பிட அவருக்கு முதல் வாரம் நாக்கு எழவில்லை. பிறகு எல்லோரும் கூப்பிடுகிறார்களே என்று கூப்பிட்டார்.

அவர் ரயிலில் முப்பத்திரண்டு வருஷம் டி.டி.ஆர். ஆக இருந்தவர். டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். பெட்டிக்குள் ஏறினதும் யார் ஜன்னல் பக்கம் திரும்புகிறார்கள், யார் குழந்தையை எழுப்பி மடியில் போட்டுக்கொள்கிறார்கள், யார் கழிப்பறைப் பக்கம் நடக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் அளந்துவிடுவார். அந்தப் பார்வையை ரயிலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வர அவருக்குத் தெரியவில்லை.

அவர் மனைவி கோமுவுக்கு இருதயத்தில் கோளாறு. கடைசி மூன்று மாதம் படுக்கையாகிவிட்டார். மகள் உலகம்மை ராஜபாளையத்தில் தன் குடும்பத்தை விட்டுவிட்டு வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். வேளைக்கு ஒன்றாக ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை. உலகம்மை குளிக்கப் போகும் நேரம் பார்த்து ஆவுடையப்பன் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணுவார். மகள் சரியாகக் கொடுக்கிறாளா என்று பார்ப்பார். அட்டையின் பின்னால் தேதி எழுதி வைப்பார்.

எல்லா நாளும் சரியாக இருந்தது. கடைசி வாரத்தில் வியாழக்கிழமை மட்டும் ஒரு மாத்திரை மிச்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோமு போய்விட்டார்.

ஆவுடையப்பன் மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பீரோவை ஒழுங்குபடுத்தும்போது, தேதி போட்ட அட்டைகள் ஒரு கட்டாக உலகம்மை கையில் அகப்பட்டன. அவள் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எங்கிட்டயும் டிக்கெட் கேட்டீங்களாப்பா?” என்றாள்.

அன்று மாலையே ஊருக்குப் போய்விட்டாள். இரண்டு வருஷமாக வரவில்லை. போன் செய்தால் ‘நல்லா இருக்கோம், நீங்க நல்லா இருங்க’ என்பதோடு சரி. இந்தக் கூடத்தைப் பற்றி யாரோ சொல்ல, அவளே ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னாள்: “ஒரு மண்டலம் அங்க போய் இருங்கப்பா. உங்க சந்தேகத்தை இறக்கி வச்சிட்டு வாங்க. இறக்கி வச்சிட்டார்னு அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நானே வந்து கூட்டிட்டுப் போறேன். அப்புறம் கடைசி வரைக்கும் எங்க கூடவே இருங்க. இல்லேன்னா வேண்டாம்ப்பா. இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது.”

அதற்காகத்தான் வந்தார். நாற்பத்தெட்டு நாளில் அந்த ஒரு மாத்திரையை மறந்துவிட வேண்டும். மறந்தால் மகள் வீடு. இல்லையென்றால் பூட்டிய வீட்டில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிற பிழைப்பு.

மறப்பதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவார். பனியன் நனைந்துவிடும். பத்து நிமிஷத்தில் இடது முழங்கால் வலி எடுக்கும். வலியை விரட்டினால் மாத்திரை வரும். மாத்திரையை விரட்டினால் பக்கத்தில் இருக்கிறவர் இருமுவது கேட்கும். இவர் நிஜமாகவே இருமுகிறாரா, இல்லை எழுந்து போக வழி பார்க்கிறாரா என்று ஓடும்.

ஒரு நாள் பூரணத்தம்மாள் கேட்டார்: “எதையாவது தூக்குறீங்களா, ஐயா?”

“இல்லையேம்மா. சும்மாத்தான் உட்கார்ந்திருக்கேன். முழங்கால்தான் வலிக்குது.”

“முகத்தைப் பார்த்தா மூட்டை தூக்குறவர் மாதிரி இருக்கே.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. முயற்சி செய்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிற குரு என்ன குரு என்று நினைத்துக்கொண்டார்.

இருபத்தோராம் நாளுக்குப் பிறகு, சொன்னபடியே கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் இடம் முதல் வரிசையில். எதிரில் ஒரு மரப் பலகை. பலகையின் மேல் பூரணத்தம்மாள். எதிரில் இருப்பதைப் பார்க்கச் சொன்னதால் அவரையே பார்த்தார்.

இருபத்தேழாம் நாள் மாலை ஐந்தேகாலுக்கு அவர் அதைக் கண்டார்.

ரயிலில் தூங்குகிறவர்களும் உண்டு, தூங்குவது போல நடிக்கிறவர்களும் உண்டு. நடிக்கிறவன் கண்ணை இறுக்கிக்கொள்வான். மூச்சை அளந்து விடுவான். கை மட்டும் பையைப் பிடித்தபடி இருக்கும். நிஜமாகத் தூங்குகிறவனுக்கு முதலில் கைதான் தூங்கும். விரல் ஒவ்வொன்றாக விரியும். அப்புறம் கீழ் உதடு லேசாக இறங்கும். அப்புறம் தலை.

பூரணத்தம்மாளின் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கீழ் உதடு இறங்கியது. தலை ஒரு நெல் அளவு முன்னால் வந்து நின்றது.

ஆவுடையப்பனுக்கு முதுகு நிமிர்ந்தது. ‘இந்த அம்மா தூங்குது.’

ஒரு நாளை வைத்து யாரையும் பிடித்துவிட முடியாது. ஆகவே மறுநாளும் பார்த்தார். அதற்கு மறுநாளும் பார்த்தார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் சின்ன எழுத்தில் குறித்துவைத்தார். ‘5.15 முதல் 5.27 வரை.’ ‘இன்று இல்லை.’ ‘5.40, நான்கு நிமிஷம். விழித்ததும் புடவைத் தலைப்பைச் சரிசெய்தது.’

காலண்டர் மாட்டியிருந்தது சமையல்கட்டில். சமையலைப் பார்த்துக்கொள்பவர் பேச்சியம்மாள். வாய் கொஞ்சம் நீளம். மனசு நல்ல மனசு.

“என்ன அண்ணாச்சி, பழைய தாளெல்லாம் நீங்களே கொண்டு போறீக? நல்ல நேரம் பார்க்கவா?”

“சும்மாத்தான்.”

“சும்மாவா? இங்கயும் செக்கிங் ஆரம்பிச்சிட்டீகளோன்னு எனக்குத் தோணுது பாருங்க. எதுக்கும் நாளைக்கு உள்ள தாளை விட்டுட்டுப் போங்க. எனக்கு ஏகாதசி தெரியணும்.”

ஆவுடையப்பன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நீங்க எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?”

“ஒன்பது.”

“அம்மா உட்கார்ந்திருக்கும்போது தூங்கிப் பார்த்திருக்கீங்களா?”

பேச்சியம்மாள் கரண்டியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். “தூங்கினா என்ன, நான் போய் எழுப்பணுமா?”

“அதில்ல. நமக்குத் தியானம் சொல்லிக் கொடுக்கிறவங்க...”

“அண்ணாச்சி, நான் கண்ணை மூடி உட்கார்ந்தா எனக்குச் சாம்பார்ல உப்பு போட்டேனா இல்லையான்னுதான் ஓடும். அதைக் கட்டி இழுத்துட்டு வரதுக்கே மணி அடிச்சிருது. அம்மா தூங்குறாகளா முழிச்சிருக்காகளான்னு பார்க்க எனக்கு எங்க நேரம்? உங்களை யாரு பார்க்கச் சொன்னா?”

“அம்மாதான். எதிர்ல இருக்கிறதைப் பாருங்கன்னாங்க.”

“நல்லாத்தான் சொன்னாக போங்க” என்று பேச்சியம்மாள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்தப் பதில் ஆவுடையப்பனுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. இவருக்கும் தெரிந்திருக்கிறது, மறைக்கிறார் என்று நினைத்தார். அடுத்து, சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் பேசிக்கொள்வதைக் காது கொடுத்துக் கேட்டார். யாரோ ஒருவர் ‘அம்மா முகத்துல என்ன அமைதி!’ என்றார். ‘தூங்குகிற எவன் முகத்திலும் அந்த அமைதி இருக்கும், வாரத்துக்கு முந்நூறு பேரை நான் பார்த்திருக்கிறேன்’ என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு கலக்கம். மகள் கேட்டிருப்பது இந்த அம்மாவின் ஒரு வார்த்தையை. இந்த அம்மாவே பொய் என்றால் அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு? சரி, வாயை மூடிக்கொண்டு நாற்பத்தெட்டு நாளையும் ஓட்டிவிட்டு, அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு போய்விடலாமா? போகலாம். மகள் வீடு கிடைத்துவிடும். ஆனால் கண்டுபிடித்த பிறகு சும்மா இருந்து அவருக்குப் பழக்கமில்லை.

நாற்பத்தைந்தாம் நாள் மாலை தியானம் முடிந்ததும் அவர் எழுந்து நின்றார். சட்டைப் பையில் பதினெட்டுத் தாள்கள்.

“அம்மா, ஒரு சந்தேகம்.”

“கேளுங்க, ஐயா.”

“நீங்க தியானத்துல தூங்குறீங்க.”

பேச்சியம்மாள் வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டார்.

“ஆமா” என்றார் பூரணத்தம்மாள். “தூங்கியிருக்கேன்.”

ஆவுடையப்பன் தடுமாறிப் போனார். டிக்கெட் இருக்கிறது என்று சாதிக்கிறவனை அவர் ஒரு கை பார்ப்பார். டிக்கெட் எடுக்கவில்லை என்று கேட்டவுடனே சொல்லிவிடுகிறவனிடம் மேற்கொண்டு என்ன பேசுவதென்று அவருக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை.

“தூங்கினதை ஒத்துக்கிறீங்களா?”

“தூங்கினதைத் தூங்கலேன்னு எப்படிச் சொல்ல?”

“அப்போ எங்களுக்கு ஏன் சொல்லலை?”

“யாரும் கேட்கலை. நீங்கதான் முதல்ல கேட்டிருக்கீங்க.”

“தூங்கி முழிச்சதும் என்ன செய்வீங்க?”

“கொஞ்சம் வெட்கமா இருக்கும். தலைப்பைச் சரி பண்ணிக்குவேன். மறுபடி உட்காருவேன்.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன செய்யணும், ஐயா?”

ஆவுடையப்பனின் கை தானாகவே பைக்குள் போயிற்று. தாள்களை எடுத்துப் பலகையின் மேல் வைத்தார். பூரணத்தம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். கோபமாகப் படிக்கவில்லை. ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படிப்பது போலப் படித்தார். ‘புடவைத் தலைப்பைச் சரிசெய்தது’ என்ற இடத்தில் மட்டும் லேசாகச் சிரித்தார்.

“பதினெட்டு நாளா?”

“ஆமா.”

“ஒரு மணி நேரமும் பார்த்துக்கிட்டே இருந்தீங்களா?”

“ஒரு நிமிஷம் விடலை.”

“நடுவுல எழுந்தீங்களா?”

“எழலை.”

“அசைஞ்சீங்களா?”

“அசைஞ்சா நீங்க உஷாராயிடுவீங்களே. அசையலை.”

“முழங்கால் வலின்னீங்களே. வலிச்சுதா?”

ஆவுடையப்பன் யோசித்தார். தன் முழங்காலைக் குனிந்து பார்த்தார்.

“ஞாபகம் இல்லை.”

“பக்கத்துல இருக்கிறவர் இருமினாரா?”

“கேட்கலை.”

“மனசு எங்கயாவது போச்சா?”

“போகலை.”

பூரணத்தம்மாள் தாள்களை அடுக்கி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “இந்தக் கூடத்துல இத்தனை வருஷத்துல இப்படி உட்கார்ந்தவங்க யாருமில்லை, ஐயா. நான் உட்பட.”

யாரும் சிரிக்கவில்லை.

“அப்போ நான் செஞ்சது தியானமா?” என்று ஆவுடையப்பன் மெதுவாகக் கேட்டார்.

“எழுந்தபோது கையில என்ன இருந்துச்சு?”

“இந்தத் தாள்.”

“எதுக்கு உட்கார்ந்தீங்களோ அது கிடைச்சிருச்சு.”

ஆவுடையப்பன் தாள்களைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“இன்னும் மூணு நாள் இருக்கு” என்றார் பூரணத்தம்மாள். “நாளையிலேர்ந்து நான் பின்னால கடைசி வரிசையில உட்கார்ந்துக்கிறேன். நீங்க அதே இடத்துல, அதே மாதிரி, இந்தப் பலகையைப் பாருங்க.”

“ஆள் இல்லாத பலகையையா?”

“ஆமா.”

மறுநாள் மாலை எதிரில் வெறும் பலகை இருந்தது. ஆவுடையப்பன் முதுகை நிமிர்த்திப் பார்த்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. இடது முழங்கால் வலித்தது. பக்கத்தில் இருப்பவர் இருமினார். பின்னால் திரும்பி, கடைசி வரிசையில் அந்த அம்மா என்ன செய்கிறார் என்று பார்க்கக் கழுத்து துடித்தது. எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்தை ஓட்டினார்.

முடிந்ததும் அவரே எழுந்தார். “அம்மா, அங்க ஒண்ணுமே இல்லையே.”

“ஆள் இல்லாத பெட்டியில ஏறினா என்ன செய்வீங்க, ஐயா?”

“அடுத்த பெட்டிக்குப் போயிடுவேன்.”

“இங்க அடுத்த பெட்டி இல்லை” என்று சொல்லிவிட்டு பூரணத்தம்மாள் கைகால் கழுவப் போய்விட்டார்.

நாற்பத்தேழாம் நாள் மாலை. மலையில் சாரல் இறங்கி ஓட்டின் மேல் தூறிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் பலகையைப் பார்த்தார். முழங்கால் வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டார். விரட்டுகிற தெம்பு அவருக்கு இல்லை. மாத்திரை வந்தது. வரட்டும் என்று விட்டார்.

மாத்திரையோடு அட்டை வந்தது. அட்டையோடு ஒரு கை வந்தது. கையோடு ஓர் ஆள் வந்தான். அலமாரிப் பக்கம் ஒதுங்கி நின்றுகொண்டு, வெளிச்சத்துக்கு அட்டையைத் தூக்கிப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தான். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கட்டிலிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

“ஏங்க, இங்க வந்து கொஞ்ச நேரம் உட்காருங்களேன்.”

“இரு, வரேன்” என்றான் அந்த ஆள். எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

அந்தக் குரல் மறுபடியும் கூப்பிட்டதா இல்லையா என்று ஆவுடையப்பனுக்கு நினைவில் இல்லை. எத்தனை மாத்திரை என்று மட்டும் நினைவில் இருந்தது.

மணி அடித்தது. மற்றவர்கள் எழுந்து போனார்கள். அவர் எழவில்லை. பேச்சியம்மாள் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அவருடைய சாப்பாட்டை மூடி வைத்தார்.

நாற்பத்தெட்டாம் நாள் காலை பத்து மணிக்கு உலகம்மை வந்தாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். தலையில் வைத்த பூ வாடியிருந்தது. அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள், கிட்டே போகவில்லை. பூரணத்தம்மாள் கூடத்து வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அங்கே போய்க் கும்பிட்டு நின்றாள்.

“அம்மா, ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்கப்பா சந்தேகத்தை இறக்கி வச்சிட்டாங்களா?”

ஆவுடையப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ‘ஆமாம்’ என்று அந்த அம்மா ஒரு சொல் சொன்னால் போதும். பையைத் தூக்கிக்கொண்டு மகளோடு கிளம்பிவிடலாம்.

“உங்கப்பா இங்கதானே நிக்கிறாரு, தாயி” என்றார் பூரணத்தம்மாள். “அவர்கிட்டயே கேளேன்.”

உலகம்மை திரும்பினாள். அவள் கேட்பதற்குள் ஆவுடையப்பனே சொன்னார்.

“இல்லம்மா. இறக்கலை.”

அவள் முகம் சுருங்கியது.

“இங்க வந்தும் பதினெட்டு நாள் இந்த அம்மாவைப் பிடிக்கத்தான் உட்கார்ந்திருந்தேன். அதுவாவது பரவாயில்லை.” செருமிக்கொண்டார். “கடைசி வாரம் வியாழக்கிழமை ஒரு மாத்திரை மிச்சம் இருந்துச்சு. நீ கொடுக்கலை. அதனாலதான் அம்மா போயிட்டாளோன்னு ரெண்டு வருஷமா உன் மேல வச்சிருந்தேன். உங்கிட்ட கேட்கவும் இல்லை. விடவும் இல்லை.”

உலகம்மை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அன்னைக்குச் சாயந்திரம் அம்மா வேண்டாம்னுட்டாங்கப்பா. வாயைத் திறக்கவே இல்லை. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘இந்த ஒரு வேளை விட்டுடு தாயி, கசக்குது’ன்னாங்க. சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டாங்க. நான் விட்டுட்டேன். உங்ககிட்ட சொன்னாத் திட்டுவீங்கன்னு சொல்லலை. டாக்டர்கிட்ட கேட்டேன், ஒரு வேளையினால ஒண்ணுமில்லைன்னாரு. ஆனா எனக்கும் அது இன்னும் உறுத்திக்கிட்டேதாம்ப்பா இருக்கு.”

கோமு இல்லை, கேட்டுப் பார்க்க. அந்த அறையில் வேறு யாரும் இருக்கவும் இல்லை. மகள் சொல்வதற்கு இந்த உலகத்தில் எந்தச் சாட்சியும் கிடையாது. அது ஆவுடையப்பனுக்கு மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். அவர் கண் மகளின் விரல்களுக்குப் போயிற்று, உதட்டுக்குப் போயிற்று, பொய் சொல்கிறவர்கள் எங்கே பார்ப்பார்கள் என்று முப்பத்திரண்டு வருஷம் பழகிய இடங்களுக்கெல்லாம் போயிற்று. போவது அவருக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

அவர் பூரணத்தம்மாள் பக்கம் திரும்பினார்.

“நம்பறதுக்கு முயற்சி செய்றேன், அம்மா.”

“வேண்டாம், ஐயா” என்றார் பூரணத்தம்மாள், கீரையிலிருந்து தலையைத் தூக்காமல். “முயற்சியில உங்களை மிஞ்ச ஆளில்லை. ஆரம்பிச்சீங்கன்னா இந்தப் பிள்ளையையும் கண் கொட்டாம பார்த்துக்கிட்டு உட்கார்ந்துடுவீங்க. விடியக்காலம் வீட்டை விட்டுக் கிளம்பினவ. சாப்பிட்டாளான்னு முதல்ல கேளுங்க.”

ஆவுடையப்பன் படியில் இறங்கி மகளுக்குப் பக்கத்தில் வந்தார்.

“சாப்பிட்டியாம்மா?”

“ஆச்சுப்பா. வர்ற வழியிலயே ஆச்சு.”

அவள் உதடு காய்ந்து வெளுத்திருந்தது. ஓர் ஆள் சாப்பிட்டிருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு நொடி போதும். தெரிந்துவிட்டது.

எந்த ஊரில், எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டாய் என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் இரண்டு தட்டை எடுத்துக் கழுவினார்.